எட்டு லேன், ஒரு தங்கம், பல சாமிகள்

வங்காளிகளின் வருஷப் பிறப்பு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் வரும். அன்று காலை கொல்கத்தா மைதான் பக்கம் போனால் 'பார் பூஜை' பார்க்கலாம். கால்பந்து கிளப்புகளில் கோல்போஸ்ட்டுக்கு மாலை சாத்தி, குங்குமம் இட்டு, புரோகிதரை வைத்து மந்திரம் சொல்லி, வந்தவர்களுக்கு இனிப்புக் கொடுத்துப் புது சீசனைத் தொடங்குவது அங்கே வழக்கம். மோகன் பாகானில் நடக்கும். அதே காலையில் ஈஸ்ட் பெங்காலிலும் நடக்கும். இரண்டு இடத்திலும் பஞ்சாங்கம் ஒன்று, சடங்கு ஒன்று, வேண்டுதலும் ஒன்று: இந்த வருஷம் நாம்தான் ஜெயிக்க வேண்டும். இந்த இரண்டு அணியும் மோதுகிற நாளில் ஏதோ ஒரு பூஜை பலிக்காமல் போயாக வேண்டும்.

கால்பந்திலாவது டிரா என்று ஒன்று இருக்கிறது. தெய்வத்துக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும். ஓட்டப்பந்தயத்தில் அதற்கும் வழியில்லை. எட்டு லேன், எட்டுப் பேர், ஒரு தங்கம். ஸ்டார்ட்டிங் பிளாக்கில் கால் வைக்கும் முன் ஒருவர் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இன்னொருவர் சிலுவை போட்டுக்கொள்வார். மற்றொருவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிரார்த்தித்து முகத்தில் தடவிக்கொள்வார். துப்பாக்கி வெடிக்கும். பத்துப் பதினோரு வினாடிக்குள் எட்டு வேண்டுதல்களில் ஏழு கைவிடப்பட்டிருக்கும்.

பந்தயத்தில் ஜெயிக்க வைக்கும்படி கடவுளிடம் கேட்கலாமா? பரீட்சைக்குப் போகிற வழியில் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கிற பையன் அடுத்தவனுக்கு எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. அவனும் பாஸாகலாம், பக்கத்து பெஞ்சுக்காரனும் பாஸாகலாம். ஆனால் மாவட்டத்திலேயே முதலாவதாக வர வேண்டும் என்று அதே பையன் வேண்டிக்கொண்டால், தன்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி எங்கேயோ ஒரு கணக்கில் தவறு செய்ய வேண்டும் என்றும் சேர்த்துத்தான் வேண்டுகிறான். அவனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். பிள்ளையாருக்குத் தெரியும்.

1987 நவம்பரில் இந்தச் சங்கடம் ஒரு வாரம் கல்கத்தாவில் கூடாரம் அடித்திருந்தது. மூன்றாவது தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டி, 'சாஃப் கேம்ஸ்', அங்கேதான் நடந்தது. சால்ட் லேக்கில் யுவபாரதி அரங்கம் திறந்து நாலு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த நாளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய இடம். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு என ஏழு நாடுகள். மூன்று நாடுகளில் இஸ்லாம். நேபாளத்தில் அப்போது இந்து மன்னராட்சி. பூட்டானிலும் இலங்கையிலும் புத்தர். இந்திய அணியில் எல்லாரும். ஊரில் காளி பூஜை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போட்டிக்கு முந்தின மாதம்தான் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. இந்திய அணியும் இலங்கை அணியும் ஒரே ட்ராக்கில் ஓடிய அந்த வாரத்தில் யாழ்ப்பாணத்துத் தாய்மார்கள் கேட்டுக்கொண்டது தங்கம் அல்ல.

ஆண்கள் 100 மீட்டரில் வங்கதேசத்தின் ஷா ஆலம் முதலாவதாக வந்தார். 1985இல் டாக்காவில் 10.80 வினாடியில் ஜெயித்தவர், கல்கத்தாவில் 10.79இல் மறுபடியும் ஜெயித்தார். தெற்காசியாவின் வேகமான மனிதர் என்ற பட்டம் அடுத்தடுத்து இரண்டு முறை. அவருடைய தாய்மொழியும் கேலரியில் இருந்தவர்களின் தாய்மொழியும் ஒன்று. தொழுகிற திசைதான் வேறு. சில வருஷங்களில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார்.

அந்த 10.79 என்ற எண்ணைக் கொஞ்சம் ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஓட்டம் முடிந்ததும் ஸ்கோர்போர்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள் வரும். ஒன்று எத்தனையாவது இடம். இன்னொன்று எத்தனை வினாடி. வினாடி ஓடியவருடையது. அவருடைய தொடை, அவருடைய மூச்சு, அவருடைய கோச், அவர் சாப்பிட்ட சாப்பாடு. இடம் அப்படி அல்ல. அது பக்கத்து லேன்களில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உலகத் தரத்தில் 10.79 பெரிய நேரம் இல்லை; 1983இலேயே கால்வின் ஸ்மித் 9.93இல் ஓடிவிட்டார். ஆனால் அன்று சால்ட் லேக்கில் கால்வின் ஸ்மித் இல்லை. ஆகவே தங்கம். பதக்கம் கொடுப்பது இடத்துக்கு. வேண்டுதலும் பெரும்பாலும் இடத்துக்காகத்தான். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டப்பந்தயத்தின் நடுவே ஒருவர் கடவுளைக் கூப்பிட்ட கதைகளில் மிகப் பழையது ஹோமரின் இலியட்டில் இருக்கிறது. பட்ரோக்ளஸின் ஈமச் சடங்கை ஒட்டி விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. ஓட்டத்தில் சின்ன அஜாக்ஸ் முன்னால் போகிறான். ஒடிசியஸ் அவன் முதுகில் மூச்சுப் படும் அளவுக்குப் பின்னால். முடிவு நெருங்கும்போது ஒடிசியஸ் மனசுக்குள் அதீனா தேவியை வேண்டுகிறான். தேவி அவன் கை கால்களை லேசாக்குகிறாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. பலி கொடுத்த மாடுகளின் சாணம் கிடந்த இடத்தில் அஜாக்ஸை வழுக்கி விழவும் வைக்கிறாள். மூக்கிலும் வாயிலும் சாணத்தோடு எழுந்தவன், தேவி என் காலை வாரிவிட்டாள் என்று முறையிடுகிறான். பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

ஹோமருக்குக் கடவுளைப் பற்றிக் கூச்சம் கிடையாது. ஒருவனுக்கு முதலிடம் கொடுப்பது என்றால் இன்னொருவன் காலை வார வேண்டும். அவர் அதைப் பூசி மெழுகாமல் சொல்கிறார். பிற்கால மதங்கள் எல்லாம் இந்தக் காட்சியைப் பார்த்து நெளியும். அதீனாவைப் போல ஒரு தெய்வத்தை யாரும் கும்பிடத் தயாராக இல்லை. ஆனால் ஒடிசியஸைப் போல வேண்டிக்கொள்வதை மட்டும் விட முடியவில்லை. 1865இல் உள்நாட்டுப் போர் முடியப்போகும் நேரத்தில் லிங்கன் தம் இரண்டாம் பதவியேற்பு உரையில் இதே முடிச்சைத்தான் தொட்டார்: இரு தரப்பும் ஒரே பைபிளைப் படித்து, ஒரே கடவுளை வேண்டி, ஒருவரையொருவர் தோற்கடிக்க உதவி கேட்டார்கள்; இரண்டு பேர் வேண்டுதலையும் நிறைவேற்ற அவரால் முடியாது.

நமக்கும் ஒரு ஓட்டப்பந்தயக் கதை இருக்கிறது. அதில் சாமிகளே ஓடினார்கள். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்கு மாம்பழம் என்றதும் முருகன் மயிலேறிப் பறந்தார். பிள்ளையார் அப்பா அம்மாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நீங்கள்தான் என் உலகம் என்றார். பழம் பிள்ளையாருக்கு. பந்தயத் தூரம் என்ன, லேன் எது என்று முன்கூட்டிச் சொல்லாமல் நடந்த போட்டி அது; இன்றைக்கு என்றால் மயில் அப்பீல் கமிட்டிக்குப் போயிருக்கும். முருகன் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போய் நின்றார்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். தோற்ற சாமியைத் தேடித்தான் ஜனங்கள் போனார்கள். தைப்பூசத்துக்குக் கால் கொப்பளிக்கக் கொப்பளிக்க நடந்து போய், மொட்டை போட்டு, காவடி எடுத்து, வழக்கு ஜெயிக்க வேண்டும், தேர்தல் ஜெயிக்க வேண்டும், மகன் செலக்‌ஷனில் தேறவேண்டும் என்று கேட்கிறார்கள். யாரிடம்? ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்து, அதைத் தாங்க முடியாமல் துணியையும் துறந்து மலையேறி நின்றவரிடம். ஜெயிக்க வைப்பார் என்று நம்பிப் போகிறவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். தோற்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவரிடம் போகிறோம் என்ற ஆறுதலும் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருக்க வேண்டும். இரண்டாம் இடத்துக்கு இத்தனை பெரிய கோயில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

கொல்கத்தாவுக்குத் திரும்பலாம். கேட்பதைப் பற்றி அந்த ஊர் வைத்திருக்கும் கதை வேறு மாதிரி. 1884இல் நரேந்திரநாத் தத்தாவின் அப்பா திடீரென்று இறந்துபோனார். குடும்பம் கடனில் மூழ்கியது. வீட்டில் பல நாள் அடுப்பு எரியவில்லை. வேலை தேடிச் செருப்பில்லாமல் தெருத் தெருவாக அலைந்த நரேந்திரர், கடைசியில் தட்சிணேசுவரத்தில் ராமகிருஷ்ணரிடம் போய், எங்கள் கஷ்டம் தீர நீங்கள் அம்மாவிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டார். நீயே போய்க் கேள் என்றார் குரு. இரவில் காளி சந்நிதிக்குப் போனவர், ஞானம் கொடு, பக்தி கொடு, வைராக்கியம் கொடு என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பணம் கேட்டாயா? மறந்துவிட்டேன். திரும்பப் போ. மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை நினைவு இருந்தது. ஆனால் அந்தச் சந்நிதியில் நின்று அரிசி பருப்பு கேட்க வெட்கமாகிவிட்டது.

வேதாந்திகள் இந்தக் கதையை இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். உயர்ந்த ஆன்மா கேட்காது என்பது அவர்கள் எடுக்கும் பாடம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. என்னால் கேட்க முடியவில்லை, எனக்காக நீங்கள் கேளுங்கள் என்று நரேந்திரர் பிடிவாதம் பிடித்தார். சரி, உன் வீட்டுக்குச் சாதாரணச் சோற்றுக்கும் துணிக்கும் குறை வராது என்று ராமகிருஷ்ணர் வாக்குக் கொடுத்தார். அதாவது கேட்பது தவறு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தனக்காகக் கேட்க ஒருவருக்கு வாய் வரவில்லை. அவருக்காக இன்னொருவர் கேட்டார். இந்த வித்தியாசம் முக்கியம்.

அந்த நரேந்திரர்தான் விவேகானந்தராகி, 1897 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து, இளைஞர்கள் முன்னால் நின்று, கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்குக் கிட்டத்தில் போவீர்கள் என்று சொன்னவர். இன்றைக்கு எத்தனையோ ஸ்டேடியச் சுவர்களில் அந்தக் கருத்து பெயின்ட்டில் இருக்கிறது. கீதையைக் குறைத்துச் சொல்வது அவர் நோக்கம் அல்ல. உடம்பில் தெம்பில்லாதவனுக்குக் கீதை புரியாது என்பது அவர் கட்சி. பலனைப் பற்றிக் கவலைப்படாமல் வேலையைச் செய் என்ற கண்ணனின் பேச்சு சொகுசாக உட்கார்ந்து கேட்பவனுக்கு ஒரு விதமாகவும், நெஞ்சு வெடிக்க ஓடி முடித்துக் குப்புறக் கிடப்பவனுக்கு வேறு விதமாகவும் கேட்கும். இரண்டாமவனுக்கு அது உபதேசமாகக் கேட்காது. நடந்த சங்கதியாகக் கேட்கும்: வினாடி என்னுடையது, இடம் என் கையில் இல்லை.

2018 ஆகஸ்ட் 29. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. பெண்கள் ஹெப்டத்லானில் கடைசி நிகழ்ச்சியான 800 மீட்டர் ஓட்டத்துக்கு ஸ்வப்னா பர்மன் தயாராகிக்கொண்டிருக்கிறார். கொல்கத்தாவில், சால்ட் லேக்கில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் சுபாஷ் சர்க்காரிடம் பயிற்சி எடுத்தவர். சொந்த ஊர் வடக்கே ஜல்பைகுரி. அப்பா சைக்கிள் ரிக்‌ஷா இழுத்தவர். உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஸ்வப்னாவுக்குக் காலுக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டு விரல்கள். கடையில் கிடைக்கும் ஷூ எல்லாம் ஐந்து விரலுக்குச் செய்தது. ஆறாவது விரலை அதற்குள் திணித்துக்கொண்டுதான் ஓட வேண்டும், தாண்ட வேண்டும். போதாததற்கு அன்று பல்வலி. கன்னத்தில் பிளாஸ்திரி.

ஜல்பைகுரியில் தகரக் கூரை வீட்டை ஒட்டி ஒரு சின்னக் காளி கோயில். மகள் கட்டியது. அம்மா மத்தியானம் இரண்டு மணியிலிருந்து அதற்குள் இருந்தார். டிவியில் மகளின் ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை என்று பின்னால் நிருபர்களிடம் சொன்னார். ஜெயித்த செய்தி வந்ததும் அவர் அழுதுகொண்டே சந்நிதியில் விழுந்த காட்சியை நாடே செல்போனில் பார்த்தது.

அந்த அம்மா என்ன கேட்டிருப்பார்? சீனத்து வாங் சிங்லிங் தடுக்கி விழ வேண்டும் என்றா? அவருக்கு அந்தப் பெண்ணின் பெயரே தெரிந்திருக்க நியாயமில்லை. ஜப்பானின் யமசாகி யூகிக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருக்கிறார் என்ற தர்க்கம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே செல்லாது. செல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஓடுகிறவருக்குச் செய்ய ஆயிரம் வேலை இருக்கிறது. ஸ்டெப் எண்ண வேண்டும், மூச்சை வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு ஒரு வேலையும் இல்லை. நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் மகள் ஓடுகிறாள். இங்கே சும்மா இருக்க முடியவில்லை. தட்சிணேசுவரத்தில் சீடனுக்காகக் கேட்ட குருவும் இந்த அம்மாவும் ஒரு ஜாதி. ஓடுகிறவர் தனக்காகக் கேட்கும்போது அதில் ஒடிசியஸின் வாடை அடிக்கும். ஓடாதவர் ஓடுகிறவருக்காகக் கேட்கும்போது, அது போட்டியைச் சேர்ந்த பேச்சாகவே இல்லை. இது தர்க்கத்தில் நிற்குமா என்றால் முழுசாக நிற்காது. தங்கம் ஒன்றுதானே இருக்கிறது.

ஆனால் ஹெப்டத்லான் இந்த விஷயத்தில் கொஞ்சம் கருணை உள்ள போட்டி. இரண்டு நாள், ஏழு நிகழ்ச்சி: தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர். எத்தனையாவதாக வந்தாய் என்று எங்கேயும் கேட்பதில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்பதற்கு மட்டும் புள்ளி. ஸ்வப்னா உயரம் தாண்டியது 1.82 மீட்டர், ஈட்டி எறிந்தது 50.63 மீட்டர். கடைசி 800 மீட்டரில் அவர் நான்காவதாகத்தான் வந்தார். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மொத்தம் 6026 புள்ளி. வாங்குக்கு 5954. ஆசிய விளையாட்டு ஹெப்டத்லானில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். தன் 6026ஐ வேண்டிக்கொள்ள யாரையும் சாணத்தில் விழ வைக்கத் தேவையில்லை.

காளிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால் வங்காளத்திலேயே பதில் தயாராக இருக்கிறது. 1934 ஜனவரி 15இல் பிகாரில் பெரிய பூகம்பம். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மடிந்தார்கள். அந்த மாதம் தமிழ்நாட்டில் ஹரிஜன சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார். தாகூருக்குப் பொறுக்கவில்லை. தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் அவருக்கும் காந்திக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் பூமி அதிர்வதற்குக் காரணம் பூமிக்குள்தான் இருக்கிறது. அறத்தை அதில் கொண்டுபோய் ஒட்டினால் நாளைக்கு எதிராளியும் தன் வசதிக்கு அதையே ஒட்டுவான் என்று எழுதினார். காந்தி அதைத் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே போட்டு, மசியாமல் பதிலும் எழுதினார்.

தாகூர் பக்கம் நின்று பார்த்தால், 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா வெண்கலத்தைத் தவறவிட்ட நூறில் ஒரு பங்கு வினாடிக்கும் காரணம் ட்ராக்கிலேயே கிடக்கிறது. 400 மீட்டர் தடை ஓட்டம், உஷா 55.42, ருமேனியாவின் கிறிஸ்டினா கொஜோகாரு 55.41. கோட்டைத் தொடும்போது நெஞ்சைச் சரியாக முன்னால் தள்ளவில்லை என்று அன்றே சொன்னார்கள். அங்கே கிடைத்த அமெரிக்கச் சாப்பாடு பிடிக்காமல் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும்தான் சாப்பிட்டேன், கடைசி 35 மீட்டரில் தெம்பு போய்விட்டது என்று பல வருஷம் கழித்து உஷாவே சொன்னார். கேரளத்தில் அன்று அவருக்காக விளக்கு ஏற்றாத கோயில், மெழுகுவர்த்தி ஏற்றாத சர்ச் குறைவாகத்தான் இருந்திருக்கும். கொஜோகாருவின் நாட்டில் அப்போது சௌசெஸ்குவின் கம்யூனிஸ்ட் ஆட்சி. வேண்டுதலை எண்ணிப் பார்த்து பதக்கம் கொடுத்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வள்ளுவர் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார் என்று சிலர் குறைபடுவார்கள். அறத்துப்பாலின் கடைசி அதிகாரத்தில் ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்கிறார். பொருட்பாலில், ஆள்வினையுடைமையில், தெய்வத்தால் ஆகாமல் போனாலும் உடம்பை வருத்திய அளவுக்குக் கூலி கிடைக்கும் என்கிறார். முரண்பாடா? ஸ்கோர்போர்டின் இரண்டு எண்களை வைத்துப் பார்த்தால் முரண்பாடு தெரியவில்லை. வருத்திய உடம்புக்கு உரிய கூலி வினாடியாகக் கிடைத்துவிடுகிறது. 55.42 அப்படி ஒரு கூலி. இந்தியப் பெண்கள் யாரும் 2024 முடியும்வரைகூடத் தாண்டாத நேரம் அது. வித்யா ராம்ராஜ் 2023இல் வந்து அதே 55.42இல் முடித்து அந்தச் சாதனையில் பங்கு கேட்டார், அவ்வளவுதான். ஊழ் வேலை செய்வது இன்னொரு எண்ணில்: கொஜோகாரு அன்று எந்த லேனில், எந்த நிலையில் வந்து நின்றார் என்பதில்.

மற்ற மதங்களும் இந்த எல்லைக்கோட்டை ஏறக்குறைய இதே இடத்தில்தான் போட்டிருக்கின்றன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்கிறது இஸ்லாமிய மரபு. கட்டுகிற வேலை மனிதனுடையது. தம்மபதம் இன்னும் கறார்: ஜெயிப்பவன் பகையை வளர்க்கிறான், தோற்றவன் துக்கத்தோடு தூங்குகிறான், இரண்டையும் விட்டவன்தான் நிம்மதியாகத் தூங்குகிறான். இதை முழுசாக நம்புகிறவர் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் கால் வைக்கவே முடியாது. ஆனாலும் பூட்டானும் இலங்கையும் சாஃப் கேம்ஸுக்கு அணி அனுப்பத்தான் செய்தன. தத்துவம் வேறு, டீம் செலக்‌ஷன் வேறு.

கேட்காமல் கொடுத்த ஒருவரும் இருக்கிறார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்தின் எரிக் லிடெல் 100 மீட்டரில் ஓட மறுத்தார், தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால். அவருடைய பலமான ஓட்டம் அது. பதிலுக்கு 400 மீட்டர் ஓடி 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். சாமியை மதித்ததால் சாமி கொடுத்தது என்று பக்தர்கள் இதை இன்றும் சொல்கிறார்கள். லிடெல் பிற்பாடு மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், 1945இல் ஜப்பானியர்களின் தடுப்பு முகாமில் மூளைக் கட்டியால் இறந்தார். முதல் கதையில் கடவுளைக் கணக்கில் எழுதுகிறவர்கள் இரண்டாவதை எங்கே எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

இரண்டு வேண்டுதலும் ஒரே நேரத்தில் பலித்தது ஒரு முறை உண்டு. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் ஆண்கள் உயரம் தாண்டுதல். கத்தாரின் முதாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜியன்மார்கோ தம்பேரியும் ஒரு தவறும் இல்லாமல் 2.37 மீட்டர் வரை தாண்டினார்கள், 2.39இல் இருவரும் மூன்று முறையும் தட்டிவிட்டார்கள். இன்னும் தாண்டிப் பார்க்கிறீர்களா என்று நடுவர் கேட்டார். இரண்டு தங்கம் கொடுக்க முடியுமா என்று பர்ஷிம் திருப்பிக் கேட்டார். விதியில் இடம் இருந்தது. தெய்வத்தை இத்தனை நூற்றாண்டாகத் தவிக்கவைத்த சிக்கலை ரூல் புத்தகத்தில் ஒரு வரி தீர்த்துவைத்தது.

அந்த வரி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்வப்னா மறுபடியும் ஹெப்டத்லானில் இறங்கினார். 5708 புள்ளி. தெலங்கானாவின் நந்தினி அகசரா 5712 எடுத்து வெண்கலம் வாங்கினார். நாலு புள்ளி வித்தியாசம்: ஈட்டி எறிதலில் ஒரு சாண், 800 மீட்டரில் கால் வினாடி. தோல்வியின் சூட்டில் ஸ்வப்னா நந்தினியைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் தகாத ஒரு குற்றச்சாட்டை எழுதினார். பிறகு அதை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஜெயித்த அன்று காளிக்கு நன்றி சொல்வது எளிது. நான்காவதாக வந்த அன்று காரணம் சொல்ல யாராவது கையில் அகப்பட வேண்டியிருக்கிறது. அஜாக்ஸுக்கு அதீனா அகப்பட்டாள். ஸ்வப்னாவுக்குப் பக்கத்து லேன்காரி.

ஜல்பைகுரிக் காளி 2018இல் கேட்டது 2023இல் ஏன் கேட்கவில்லை என்று ஒரு பகுத்தறிவுவாதி கேட்பார், கேட்கவும் வேண்டும். அவர் ஹாங்சோ பட்டியலை இன்னும் கொஞ்சம் மேலே வரை படித்தால் அவருக்கே ஒரு விஷயம் தட்டுப்படும். அங்கே தங்கம் வாங்கிய சீனத்து வீராங்கனை எடுத்தது 6149. வெள்ளி வாங்கிய உஸ்பெகிஸ்தான் வீராங்கனை 6056. ஜகார்த்தாவில் பல்வலியோடு, பன்னிரண்டு விரலோடு எடுத்த அதே 6026ஐ ஸ்வப்னா அப்படியே ஹாங்சோவுக்குக் கொண்டுவந்திருந்தால், அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது வெண்கலம்.